கரியில் பிறந்த சிவப்பு
ஆந்திரசீன் என்னும் பொருளைப் பற்றி அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தபோது நேர்ந்த நிகழ்ச்சியோடு இப்பாடத்தைத் தொடங்குகிறேன். கிடங்கின் ஒரு மூலையில் ஒரு கட்டுச் சேலைகள் கிடந்தன. வெள்ளை உடலும் சிவப்புக் கரையும் கொண்டவை. முதல் சலவையிலேயே கரையின் சிவப்பு உடலில் இறங்கிவிட்டதென்று அவை திருப்பியனுப்பப்பட்டிருந்தன. வெளுக்காத சாயம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி விற்கப்பட்ட பொடியைச் சங்கத்தார் வாங்கியிருந்தனர். பொடியின் வகையைக் குறித்த பட்டியல் எதுவும் கோப்பில் இல்லை. ஆகவே நஷ்டத்தை எவரிடமும் கேட்க வழியில்லாமற்போயிற்று. சரக்கு விலையாகாததால் நெய்தவர்களின் கூலியும் நின்றிருந்தது.

அங்கிருந்த முதிய அங்கத்தினர் ஒருவர், "ஐயா, எங்கள் பாட்டனார் காலத்தில் வேரை இடித்துச் சிவப்புக் காய்ச்சினார்கள் என்று கேட்டிருக்கிறேன். வேரில் இருந்த சிவப்பு இந்தத் தகர டப்பாவுக்குள் எப்படி வந்தது?" என்று வினவினார். கல்லூரியில் இரசாயனம் பயின்றவன்தான் நான். எனினும் அன்று அவருக்கு ஒழுங்கான விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதை எல்லா அங்கத்தினர்க்கும் பயன்படும்படி இங்கே தொகுத்துத் தருகிறேன். நெசவாளர்க்கு மட்டுமன்றி, பயிரிடுவோர்க்கும் இக்கதையில் முக்கியமான படிப்பினை உண்டு.

ஆந்திரசீன் என்பது யாது?

சங்கக் கிடங்கில் பட்டையும் கம்பளியையும் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டு வைக்கிறோம். பழைய வகை அந்துருண்டை நாப்தலீன் என்னும் பொருளால் ஆனது. கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே அதில் உண்டு. ஆறு கரி அணுக்கள் கைகோத்து நின்றால் ஒரு வளையம் ஆகும். அத்தகைய இரு வளையங்கள் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு ஒட்டி நிற்பதே நாப்தலீன். மூன்றாவது வளையமும் அதே வரிசையில் நேராக ஒட்டிக்கொண்டால் அதுவே ஆந்திரசீன். அதன் ஒரு மூலக்கூறில் 14 கரி அணுக்களும் 10 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. இவ்வாறு பல வளையங்கள் ஒட்டி நிற்கும் பொருள்களைப் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் என்று இரசாயன நூலார் வழங்குவர்.

1832ஆம் ஆண்டில் டூமா, லாரன் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் நிலக்கரித் தாரிலிருந்து இதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய 'ஆந்த்ரக்ஸ்' என்பதிலிருந்து இதன் பெயர் அமைந்தது.

எங்கே கிடைக்கிறது?

நிலக்கரியைக் காற்றுப்படாத சூளையில் இட்டுக் கடுமையாகச் சூடாக்கினால், வாயு ஒருபுறம் வெளியேறும், கல்கரி மீதமாகும், இடையில் கருநிறமான கெட்டித் திரவம் ஒன்று வடியும். இதுவே நிலக்கரித் தார். ஒரு டன் நிலக்கரியிலிருந்து சுமார் 40 கிலோ தார் கிடைக்கும். அத்தாரில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்குதான் ஆந்திரசீன். ஆகவே ஒரு டன் நிலக்கரியை எரித்து வாட்டினாலும் கைக்கு வருவது ஏறக்குறைய அரைக் கிலோதான்.

தாரைக் காய்ச்சி வடிக்கும்போது வெவ்வேறு சூட்டில் வெவ்வேறு எண்ணெய்கள் பிரியும். முதலில் இலேசான எண்ணெயும், அடுத்து நாப்தலீன் மிகுந்த நடு எண்ணெயும், பிறகு கனத்த எண்ணெயும் வரும். சூடு 270 டிகிரி சென்டிகிரேடைக் கடந்தபின் பச்சை சாயலுள்ள கெட்டியான எண்ணெய் இறங்கும். இதற்கு ஆந்திரசீன் எண்ணெய் என்றே பெயர். அதனை ஆறவிட்டால் படிகங்கள் உறையும். அவற்றைப் பிழிந்தும் கழுவியும் தூய்மை செய்வர். நமது நாட்டில் ஜாம்ஷெட்பூர், பிலாய், ரூர்கேலா முதலிய இரும்பாலைகளின் கல்கரிச் சூளைகள் தாரின் பிறப்பிடங்கள்.

விறகு, வைக்கோல், எண்ணெய், புகையிலை முதலிய எது அரைகுறையாக எரிந்தாலும் அதன் புகையில் ஆந்திரசீனும் அதன் இனத்துப் பொருள்களும் சிறிதளவு இருக்கும். டீசல் வண்டியின் புகையிலும், அடுப்பங்கரைச் சுவரில் படியும் கரியிலும், நேரே தணலில் வாட்டிய இறைச்சியிலும் இவற்றைக் காணலாம்.

இதன் குணங்கள்

தூய ஆந்திரசீன் நிறமற்ற தகடு போன்ற படிகமாக இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத ஊதா கடந்த ஒளி அதன்மேல் பட்டால், அது நீல ஒளி வீசும். இது 216 முதல் 218 டிகிரி சூட்டில் உருகி, சுமார் 340 டிகிரியில் கொதிக்கும். நாப்தலீனோ 80 டிகிரியில் உருகி 218 டிகிரியிலேயே கொதித்துவிடும். தம்பி கொதிக்கும் சூட்டில்தான் அண்ணன் உருகவே தொடங்குகிறான் எனலாம். அந்துருண்டை பெட்டிக்குள் தானே கரைந்து மணம் வீசுவதும், ஆந்திரசீன் அவ்வாறு கரையாமல் கிடப்பதும் இவ்வேற்றுமையாலேயே.

தண்ணீரில் இது கரைவதில்லை என்றே சொல்லலாம். சாராயத்தில் சிறிதும், சூடான பென்சீனில் நன்றாகவும் கரையும். சூரிய வெளிச்சத்தில் வைத்தால் இதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து வேறொரு பொருளாகும். சூடாக்கினால் அவை பிரிந்து மறுபடியும் ஆந்திரசீனாகும். கதிரியக்கம் பட்டால் மின்னி ஒளிரும் இயல்பும் இதற்கு உண்டாதலால், அணு ஆராய்ச்சிச் சாலைகளில் கதிர்களை எண்ணும் கருவிகளில் இதன் படிகங்கள் பயன்பட்டன.

நமக்கு மிகவும் வேண்டிய குணம் ஒன்று உண்டு. மூன்று வளையங்களில் நடு வளையமே எளிதில் மாறுதலுக்கு உட்படும். குரோமிக் அமிலம் போன்ற பொருளோடு சேர்த்தால், இரு பக்கத்து வளையங்களும் சேதமின்றி நிற்க, நடு வளையம் மட்டும் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களை ஏற்றுக்கொள்ளும். அப்போது உண்டாகும் வெளிர் மஞ்சள் நிறப் பொருளுக்கு ஆந்திரகுயினோன் என்று பெயர். வேரில் இருந்த சிவப்பு டப்பாவுக்குள் வந்த கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

வேர்ச் சாயமும் அதன் உள்ளிருந்த பொருளும்

ஐரோப்பாவில் மாடர் என்னும் செடி பயிரிடப்பட்டு வந்தது. நம் நாட்டு மஞ்சிட்டிக்கு அது நெருங்கிய உறவு. அதன் வேரை உலர்த்தி இடித்துச் சிவப்புச் சாயம் காய்ச்சினர். பிரான்சில் அவிஞான் நகரைச் சூழ்ந்த வோக்ளூஸ் மாவட்டத்திலும், ஆல்சாஸிலும், ஹாலந்தின் ஸீலாந்துப் பகுதியிலும் இது பெரும்பணப் பயிர். அவிஞான் பகுதியில் இப்பயிரைப் பரப்பிய ஆல்தென் என்ற ஆர்மீனியருக்கு அந்நகரத்தார் சிலை எடுத்துக் கௌரவித்தனர். பிரெஞ்சுப் போர்வீரர்க்குச் சிவப்புக் காற்சட்டை 1829 முதல் உடையாக்கப்பட்டது இவ்விவசாயிகளுக்குப் பெரும் ஆதரவாயிற்று.

1826இல் ரொபிக்கே, கோலன் என்ற இருவர் அவ்வேரிலிருந்து நிறம் தரும் பொருளைத் தனியே பிரித்து அதற்கு அலிசரின் என்று பெயரிட்டனர். ஆனால் அதன் அமைப்பு எத்தகையது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. அது நாப்தலீனின் வழித்தோன்றல் என்றே பலர் எண்ணியிருந்தனர்.

1868இல் பெர்லினில், பேயர் என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சிச் சாலையில், கிரேபே, லீபர்மன் என்ற இரு இளைஞர்கள் அலிசரினைத் துத்தநாகப் பொடியுடன் சேர்த்துச் சூடாக்கினர். வடிந்து வந்தது நாப்தலீன் அன்று, ஆந்திரசீன்! வேரின் சிவப்பும் தாரின் கசடும் ஒரே எலும்புக்கூட்டைக் கொண்டவை என்பது அன்றுதான் விளங்கிற்று. பின்னர் அவர்கள் எதிர்த்திசையில் நடந்தனர். ஆந்திரசீனை ஆந்திரகுயினோனாக்கி, அதிலிருந்து அலிசரினையே செய்து காட்டினர். தாவரத்தில் விளையும் ஒரு சாயத்தை மனிதன் அவ்வாறே செய்துகொண்டது இதுவே முதல் தடவை.

முதலில் கண்ட வழி செலவு மிகுந்தது. மறு ஆண்டில் கந்தக அமிலத்தைக் கொண்டு மலிவான வழி கண்டறியப்பட்டது. ஜெர்மனியர் சார்பில் 1869 ஜூன் 25ஆம் நாள் இங்கிலாந்தில் உரிமைப்பத்திரம் கோரப்பட்டது. தாமே தனித்து அதே முறையைக் கண்டிருந்த ஆங்கிலேயர் பெர்க்கின் மறுநாள் 26ஆம் தேதி மனுச் செய்தார்! இரு சாராரும் பின்னர் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டனர்.

பயிரிட்டவனுக்கு நேர்ந்தது

மாடர் வேர் முற்ற ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். 1868இல் நட்ட ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். நிலத்தை ஆழ உழுது, எருவிட்டு, களையெடுத்து, 1871இல் வேரைத் தோண்டலாம் என்று காத்திருந்தான். அந்த மூன்று ஆண்டுகளில் நடந்தது என்ன? பெர்க்கினுடைய தொழிற்சாலை 1869இல் சுமார் 1 டன் அலிசரின் செய்தது. 1870இல் 40 டன். 1871இல் 220 டன். ஜெர்மனியிலும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மண்ணுக்குள் வேர் பருத்துக்கொண்டிருக்கும்போதே மண்ணுக்கு மேலே அதன் விலை சரிந்துகொண்டிருந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மாடர் சாகுபடி பெரும்பாலும் அழிந்தது. சிவப்புக் காற்சட்டை மட்டும் 1914ஆம் ஆண்டுப் போர் தொடங்கும்வரை நீடித்தது. ஆனால் அதற்கான சாயம் பிரெஞ்சு வயலிலிருந்து வரவில்லை.

இதில் இழந்தவர்களுள் ஓர் அறிஞரும் உண்டு. பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்ற ஃபாபர், அந்நாளில் அவிஞானில் சொற்பச் சம்பளம் பெறும் ஆசிரியராயிருந்தார். மாடர் வேரிலிருந்து தூய சாயத்தைப் பிரிக்கும் முறையை ஆண்டுக்கணக்கில் முயன்று கண்டு, அதனால் வறுமை நீங்கும் என்று நம்பியிருந்தார். செயற்கை அலிசரின் வந்ததும் அந்நம்பிக்கை அடியோடு போயிற்று. பின்னர் எழுதிப் பிழைப்பதென்று துணிந்தே தம் பெருநூல்களை அவர் இயற்றினார். ஃபாபருக்கு வேறொரு கை இருந்தது. எல்லா விவசாயிகளுக்கும் அவ்வாறு இருக்கவில்லை.

நம் கரையோரத்துச் சாயவேர்

பெரியவர் கேட்ட வேர் எது? அது இம்பூறல் என்றும் சாயவேர்ச் செடி என்றும் வழங்கப்படும் சிறு பூண்டு. இராமேசுவரக் கரை முதல் மசூலிப்பட்டினம் வரை மணற்பாங்கான நிலங்களிலும், ஈழத்தின் வடபகுதியில் யாழ்ப்பாணம், மன்னார் முதலிய இடங்களிலும் அது விளைந்தது. டச்சுக்காரர் ஆட்சியில் ஈழத்துச் சாயவேர் அரசாங்க வருமானங்களுள் ஒன்று. சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற எழுத்துத் துணிகளின் சிவப்பு இவ்வேரின் சிவப்பே. இதனுள்ளும் இருப்பது அதே அலிசரின்தான்.

அலிசரின் தானாக நூலைப் பற்றாது. படிகாரம் ஏற்றிய நூலில் அது சிவப்பாகவும், இரும்புக் கரைசல் ஏற்றிய நூலில் கருஊதாவாகவும் ஊன்றும். ஒரே தொட்டியில் இரு நிறம் எடுத்த நம் முன்னோர் இவ்வுண்மையை எந்தச் சாலையிலும் பயிலாமலே அறிந்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அலிசரின் நம் சந்தைக்கும் வந்தது. வேர் தோண்டியவர் பிழைப்பும் அதனோடு போயிற்று. அவுரிக்கும் இக்கதியே நேர்ந்தது. 1897இல் விற்பனைக்கு வந்த செயற்கை நீலத்துக்கு மூலப்பொருளாக நின்றது நமது அந்துருண்டையின் நாப்தலீன்!

இன்றைய சாயத்தொட்டியில்

ஆந்திரகுயினோனின் வேலை அலிசரினோடு முடியவில்லை. 1901இல் ரெனே போன் என்பவர் அதே இனத்திலிருந்து இண்டாந்திரீன் நீலத்தைக் கண்டார். வாட் சாயம் என்று நம் சாயப்பட்டறைகளில் வழங்கும் உயர்ந்த சாயங்களுள் மிகப் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. வாட் சாயப்பொடி நீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் சேர்த்த வெந்நீரில் உருமாறிக் கரையும். சிட்டத்தை அதில் தோய்த்துக் காற்றில் விரித்தால், சாயம் நூலிழைக்குள்ளேயே மறுபடியும் கரையாத பொருளாக மாறி அடைந்துகொள்ளும். கடைசியில் சோப்பு நீரில் கொதிக்கவைத்தால் மேலே ஒட்டியது நீங்கும். உள்ளே அடைந்தது நிலைக்கும். சலவைக்கு இது அசையாததன் காரணம் இதுவே.

ஆகையால் சங்கங்கள் செய்யவேண்டியவை:

1. சாயத்தின் வகை, நிறுவனம், எண் ஆகியவை எழுதிய பட்டியல் இன்றி ஒரு டப்பாவும் வாங்கலாகாது.

2. புதிய சரக்கு வந்ததும் ஒரு சிட்டத்துக்கு மட்டும் சாயமேற்றிச் சோதிக்க வேண்டும். சாயநூலையும் வெள்ளைநூலையும் சேர்த்துப் பின்னி, சோப்பும் சிறிது சோடாவும் கலந்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிடுக. வெள்ளைநூல் நிறம் பிடித்தால் அச்சாயம் கரைக்கு உதவாது.

3. சோதித்த நூல்துண்டைத் தேதியிட்டு இருப்புப் பதிவேட்டில் ஒட்டிவைக்க வேண்டும். தகராறு எழுந்தால் அதுவே சாட்சி.

4. ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பற்றக்கூடியது. மூடி இறுக்கி உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். காஸ்டிக் சோடாவைக் கையுறையின்றித் தொடலாகாது.

உடல்நலம் பற்றிய எச்சரிக்கை

புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்க்குக் கரியினால் புற்றுநோய் வருவதை 1775இலேயே பெர்சிவல் பாட் என்ற லண்டன் மருத்துவர் எடுத்துக் கூறினார். கரியிலும் தாரிலும் உள்ள ஐந்து வளையப் பொருளாகிய பென்ஸோபைரீன் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்பது இன்று உறுதிப்பட்டது. ஆந்திரசீன் அவ்வளவு கொடியதன்று என்று நெடுநாள் கருதப்பட்டது. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், இதுவும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என்ற வகுப்பில் சேர்த்தது. தாரைத் தொட்ட தோலில் வெயில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாவதற்கு ஆந்திரசீன் முதலியவையே காரணம்.

எனவே வேலிக்கால்களுக்குக் கரையான் ஏறாமல் கீல் எண்ணெய் பூசும் விவசாயிகள், கையை மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்தபின் பூசுவது நலம். பூசிய மரத்தை அடுப்பெரிக்கலாகாது. புகை மண்டும் சமையலறைக்குச் சாளரமும் புகைபோக்கியும் அமைப்பது பெண்மக்களின் உயிரைக் காக்கும் செயல். சாயப்பொடியின் மூலம் ஆந்திரசீனாயிருப்பினும், சாயம் வேறு, ஆந்திரசீன் வேறு என்பதையும் நினைவிற் கொள்க. எனினும் எந்தப் பொடியையும் மூச்சில் இழுக்காமல் மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக் கையாளுதல் வேண்டும்.

சாயக் கழிவுநீரைப் பற்றியும் ஒரு சொல். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புநீர் நொய்யலாற்றையும் அதன் கரை வயல்களையும் கெடுத்ததன் விளைவாக, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதனால் விவசாயியும் வருந்தினான். சாயத்தொழிலாளியும் வேலையின்றி வருந்தினான். நெசவாளரும் பயிரிடுவோரும் ஒரே ஏட்டைப் படிப்பவர்கள்; ஒரே நீரையும் குடிப்பவர்கள்.

முடிவுரை

வோக்ளூஸ் விவசாயி சோம்பேறியல்லன். அவன் வேரும் மட்டமானதன்று. தன் விளைச்சலைக் கொள்பவன் யார், அவனுக்கு வேறு வழி பிறக்கிறதா என்ற செய்தி அவன் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவே. தனி மனிதனுக்கு எட்டாத செய்தியைத் திரட்டித் தருவது சங்கத்தின் கடமை. ஒரே பயிரையும் ஒரே கொள்வோனையும் நம்பியிருக்கும் அங்கத்தினருக்கு இரண்டாவது வழியொன்றைத் தேடித் தருவதும் அதன் கடமையே. சங்கத்தின் பேரேட்டில் வரவு செலவு எழுதப்படுவதைப் போலவே, சந்தைச் செய்தியும் சரக்கின் குணமும் எழுதப்பட வேண்டும்.

மறுமுறை அச்சங்கத்துக்குச் சென்றபோது இக்கதையைப் பெரியவருக்குக் கூறினேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்படியானால் வேரும் கரியும் பங்காளிகள்தான். எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை" என்றார். அங்கத்தினர் எவரும் இனி அவ்வாறு சொல்லும்படி நேரலாகாது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நாப்தலீனுக்கும் ஆந்திரசீனுக்கும் அமைப்பிலும் குணத்திலும் உள்ள வேற்றுமை யாது?

2. மாடர் பயிரிட்டோர்க்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்திருந்தால், 1869இல் அது அவர்களுக்கு என்ன செய்திருக்கலாம்?

3. நம் சங்கம் சென்ற ஆண்டு வாங்கிய சாயங்களுக்கு வகை குறித்த பட்டியல்கள் உள்ளனவா?

4. நம் சாயத்தொட்டியின் கழிவுநீர் எங்கே போகிறது?